நான்கு விசைகள்

பதினோராம் வகுப்பு, கணிப்பொறி அறிவியல் பிரிவு மாணவியர் இருவர்

எங்கள் கணிப்பொறி அறையிலுள்ள விசைப்பலகைகளைச் சற்று உற்று நோக்குங்கள். எல்லா எழுத்துகளும் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்துகள் முதலில் தேய்ந்தால் அது இயல்பே. ஆனால் டபிள்யூ, ஏ, எஸ், டி என்னும் நான்கின் மேலுள்ள வெள்ளை மைதான் முதலில் மறைகிறது. டபிள்யூவில் தொடங்கும் சொற்களை நாம் அவ்வளவாகவா எழுதுகிறோம்? இல்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் விளையாட அனுமதி உண்டல்லவா, அந்த ஒரு மணி நேரம்தான் காரணம். முன்னே செல்ல டபிள்யூ, பின்னே வர எஸ், இடப்புறம் நகர ஏ, வலப்புறம் நகர டி. இன்று கணிப்பொறியில் ஓடியாடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இந்த நான்கையே கேட்கின்றன.

இந்த நான்கை யார் தேர்ந்தெடுத்தார்கள்? ஏன் இவை? எல்லாக் கைகளுக்கும் இவை பொருந்துமா? பொருந்தாத கைக்கு என்ன வழி? இவற்றை இங்கே பார்க்க எண்ணுகிறோம். பெண் பிள்ளைகள் கணிப்பொறியில் விளையாடலாமா, எவ்வளவு நேரம் விளையாடலாம் என்று பெற்றோர் கேட்பது எங்கள் காதில் விழாமல் இல்லை. அது வேறொரு கட்டுரைக்கு உரியது. அதை எழுத எங்களைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஓர் உண்மை. விசைப்பலகை விளையாடுவதற்காகப் பிறந்ததன்று. 1962-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவர் நண்பர்களும் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். திரையில் இரண்டு விண்கலங்கள். இருவர் ஆட வேண்டும். ஒரு பெரிய பீரோவைப் போல நின்ற அந்தக் கணிப்பொறியின் முகப்பிலிருந்த சோதனைச் சுவிட்சுகளைக் கொண்டுதான் முதலில் கலங்களைச் செலுத்தினார்கள். சுவிட்சுகளுக்கு நேர் எதிரே திரை இல்லை. ஆதலால் ஒருவருக்குத் திரை நன்றாகத் தெரியும், மற்றவர் எட்டிப் பார்க்க வேண்டும். நெடுநேரம் ஆடினால் முழங்கை வேறு வலிக்கும். ஆகவே ஆலன் கோடாக், பாப் சாண்டர்ஸ் என்னும் இருவர் கையில் வைத்துக்கொள்ளத் தக்க சிறு பெட்டிகளைச் செய்து, அவற்றில் சுவிட்சுகளைப் பொருத்தினார்கள். கணிப்பொறி விளையாட்டின் தொடக்க நாளிலேயே எழுந்த முதல் முறையீடு, ‘இது கைக்கு வசதியாக இல்லை, இருவருக்கும் சமமாகவும் இல்லை’ என்பதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோராலும் பெட்டி செய்ய முடியுமா? வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் கணிப்பொறி வந்தபோது, அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது விசைப்பலகைதான். அதில் எழுத்துகள் நிற்கும் ஒழுங்கு, 1870-களில் அமெரிக்கரான கிறிஸ்டோஃபர் லேதம் ஷோல்ஸ் என்பவர் தட்டச்சுப் பொறிக்கென்று அமைத்து, ரெமிங்டன் கம்பெனி விற்ற பொறிகளின் வழியே உலகெங்கும் பரவியது. தட்டச்சுப் பொறியில் மேலே போ, கீழே போ என்று சொல்ல ஒரு விசையும் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. ஆகவே கணிப்பொறிக்காரர்கள் இருக்கிற எழுத்துகளையே திசைகளாக்க வேண்டியதாயிற்று.

1976-இல் வந்த ‘ஏ.டி.எம்.-3ஏ’ என்னும் திரைமுனையத்தில் ஹெச், ஜே, கே, எல் என்ற அடுத்தடுத்த நான்கு விசைகளின் மேல் அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. முறையே இடம், கீழ், மேல், வலம். அந்தத் திரைமுனையத்தில் அமர்ந்துதான் பில் ஜாய் என்னும் கலிஃபோர்னியா மாணவர் ‘வி.ஐ.’ என்ற எழுத்துச் செப்பனிடும் செயலியை எழுதினார். அதே நான்கு விசைகளையும் அதில் வைத்தார். 1980-இல் வந்த ‘ரோக்’ என்ற நிலவறை விளையாட்டும் அவற்றையே எடுத்துக்கொண்டது. குறுக்கே செல்ல ஒய், யு, பி, என் என்று மேலும் நான்கைச் சேர்த்தது. ஒரு தொழிற்சாலை ஒரு கருவியின்மேல் பொறித்த நான்கு சிறு அம்புகள், அந்தக் கருவி வழக்கொழிந்த பின்னும் விரல்களில் தங்கிவிட்டன. அவ்வழியே வந்த ‘நெட்ஹேக்’ என்ற விளையாட்டை இன்றும் அந்த விசைகளால் ஆடுவோர் உண்டு.

வேறு இயந்திரங்களில் வேறு வழக்கம். 1977-இன் ‘ஆப்பிள் இரண்டு’ கணிப்பொறியில் இடமும் வலமும் காட்டும் அம்பு விசைகள் மட்டும் இருந்தன. மேலும் கீழும் இல்லை. ஆகவே 1983-இல் வந்த ‘லோட் ரன்னர்’ போன்ற விளையாட்டுகளில் ஐ, ஜே, கே, எல் என்ற நான்கு பயன்பட்டன. மேலே ஒன்று, அதன் கீழே வரிசையாக மூன்று. இங்கிலாந்தில் 1982-இல் வந்த ‘ஸ்பெக்ட்ரம்’ என்னும் சிறு கணிப்பொறியிலோ 5, 6, 7, 8 என்ற எண்களின் மேல் அம்புகள். அவை ஒரே வரிசையில் நின்றதால் எது மேல், எது கீழ் என்று விரல் தடுமாறும். அந்நாட்டுப் பிள்ளைகளிடையே மிகவும் பரவியது கியூ, ஏ, ஓ, பி என்ற முறை. இடக்கையின் இரு விரல்கள் மேலுக்கும் கீழுக்கும். வலக்கையின் இரு விரல்கள் இடத்துக்கும் வலத்துக்கும். எங்களைக் கேட்டால், இதுவரை வந்த முறைகளில் மிக நியாயமானது இதுதான் என்போம். இரு கைகளும் வேலையைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. எந்தக் கைப் பழக்கம் உள்ளவருக்கும் குறைவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகள் பலவற்றில், ஆட்டம் தொடங்குமுன்பே ‘விசைகளை மாற்றிக்கொள்ள விருப்பமா?’ என்று கேட்கும் பக்கம் இருந்தது. ஒவ்வொரு திசைக்கும் உங்களுக்குப் பிடித்த விசையை அழுத்திக் காட்டிவிட்டு ஆடலாம்.

இப்போது நம் விசைப்பலகையின் வலப்பக்கம் காணும் அம்பு விசைகளுக்கு வருவோம். மேலே ஒன்று, கீழே மூன்று என்ற இவ்வடிவம் 1982-இல் ‘டிஜிட்டல் எக்விப்மென்ட்’ என்ற கம்பெனி வெளியிட்ட விசைப்பலகையால் பெயர் பெற்றது. 1981-இன் ஐ.பி.எம். கணிப்பொறியில் அம்புகள் எண் பலகையின் 8, 4, 6, 2 ஆகியவற்றோடு ஒண்டுக்குடித்தனம் செய்தன. 1980-களின் நடுவில் ஐ.பி.எம்.மும் தனி அம்பு விசைகளை ஏற்றுக்கொண்டது. பிறகு உலகமே ஏற்றுக்கொண்டது. 1993 டிசம்பரில் வந்து உலகைக் கலக்கிய ‘டூம்’ விளையாட்டு இந்த அம்புகளைக் கொண்டே ஆடப்பட்டது. வலக்கை அம்புகளில், இடக்கை கன்ட்ரோல், இடைவெளி விசைகளில். (டூமும் அடுத்து வரும் குவேக்கும் சுட்டுத் தள்ளும் விளையாட்டுகள். அவற்றை யாருக்கும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. ஆனால் விசைகளின் வரலாறு அவ்வழியேதான் போகிறது. நாங்கள் என்ன செய்ய?)

அம்பு விசைகள் இவ்வளவு தெளிவாக இருக்க, ஏன் அவற்றை விட்டு எழுத்துகளுக்குத் திரும்பினார்கள்? காரணம் மவுஸ்.

ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். பொதுவாக ஒரு கை துருத்தியை அசைத்துக் காற்றை ஊட்டுகிறது. மறு கை சுரங்களில் ஓடுகிறது. நுட்பமான வேலை எந்தக் கைக்கோ, மற்றது அதற்குத் துணை நிற்கிறது. மவுஸ் வந்ததும் விளையாட்டிலும் இந்தப் பிரிவினை நிகழ்ந்தது. எங்கே பார்ப்பது, எதைக் குறி வைப்பது என்ற நுண்ணிய வேலை மவுஸைப் பிடித்த வலக்கைக்குப் போயிற்று. நடப்பது, நிற்பது, குதிப்பது இடக்கைக்கு வந்தது. அம்பு விசைகளோ விசைப்பலகையின் வலக்கோடியில், மவுஸுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இடக்கையை அங்கே கொண்டுபோனால் இரு கைகளும் ஒரே மூலையில் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே இடக்கை தன் சொந்த இடத்துக்கே திரும்பி, அங்கே அம்பு வடிவத்தைத் தேடியது. மேலே ஒன்று, கீழே மூன்று: டபிள்யூ, ஏ, எஸ், டி.

1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷ் கணிப்பொறியில் அம்பு விசைகளே கிடையாது. மவுஸைப் பயன்படுத்தப் பழகட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். அதற்கென 1986-இல் வந்த ‘டார்க் காஸில்’ என்ற விளையாட்டில் நடக்க இந்த நான்கு எழுத்துகளும் கல்லெறியக் குறி பார்க்க மவுஸும் அப்போதே இருந்தன. ஆயினும் அது பரவலான வழக்கமாகவில்லை. 1996-இல் வந்த ‘குவேக்’ விளையாட்டில் அண்ணாந்தும் குனிந்தும் பார்க்க வேண்டியிருந்தது. மவுஸ் இல்லாதவர் பாடு திண்டாட்டமாயிற்று. ஆனால் அந்த விளையாட்டும் அம்பு விசைகளோடுதான் விற்கப்பட்டது. ஆடியவர்கள் தாமே விசைகளை மாற்றிப் பார்த்தார்கள். ஆளுக்கொரு விதமாய் மாற்றினார்கள்.

1997-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய குவேக் போட்டியில் டென்னிஸ் ஃபாங் என்ற இருபது வயது இளைஞர் வென்றார். ஹாங்காங்கில் பிறந்தவர், ‘த்ரெஷ்’ என்பது அவர் ஆட்டப் பெயர். அந்த விளையாட்டை எழுதியவர்களில் தலையாயவரான ஜான் கார்மாக் தம் சொந்த ஃபெராரிக் காரையே பரிசாகக் கொடுத்தார். வென்றவர் வலக்கையில் மவுஸும் இடக்கையில் டபிள்யூ-ஏ-எஸ்-டியுமாக ஆடுபவர். அப்புறம் கேட்க வேண்டுமா? பரீட்சையில் முதலிடம் பெற்றவள் எந்தப் பேனாவால் எழுதினாள் என்று விசாரிக்கிறோமே, அதுபோல அவருடைய விசை அமைப்பை ஊரெல்லாம் நகலெடுத்தது. அதை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது; பலர் தனித்தனியே வந்து சேர்ந்த இடம் அது. அவரால் பரவியது என்பதே சரி. 1998 நவம்பரில் ‘வால்வ்’ கம்பெனியின் ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டு இந்த நான்கு எழுத்துகளையே தொடக்க அமைப்பாக வைத்து வெளிவந்தது. அதன்பின் விளையாட்டு வாங்கியவர் எவரும் விசைகளை மாற்றத் தேவையில்லாமல் போயிற்று. மாற்றலாம் என்பதையே பலர் மறந்தும் போனார்கள்.

இந்த அமைப்பின் சிறப்பை விரல் விரலாகச் சொல்லலாம். மோதிர விரல் ஏயில், நடுவிரல் டபிள்யூவிலும் எஸ்ஸிலும், சுட்டுவிரல் டியில். சுண்டுவிரல் அசையாமல் ஷிஃப்டிலும் கன்ட்ரோலிலும் விழுகிறது. பெருவிரலுக்கு இடைவெளி விசை. சுற்றிலும் கியூ, இ, ஆர், எஃப் எல்லாம் எட்டும் தூரத்தில். அம்பு விசைகளைச் சுற்றி இவ்வளவு அண்டை வீடுகள் இல்லை.

குறையும் உண்டு. தட்டச்சு பயின்ற தோழியர் உடனே சொல்வார்கள். எஃப், ஜே ஆகிய விசைகளின் மேல் ஒரு சிறு மேடு இருக்கிறது. கண்ணால் பாராமலே சுட்டுவிரல் தன் வீட்டை அறிந்துகொள்ள அது உதவுகிறது. டபிள்யூ-ஏ-எஸ்-டியில் கை ஒரு வீடு இடப்பக்கம் தள்ளி அமர்வதால் அந்த மேடு பயன்படுவதில்லை. இதனால் சிலர் எல்லாவற்றையும் ஒரு விசை வலப்பக்கம் நகர்த்தி இ, எஸ், டி, எஃப் என்று ஆடுகிறார்கள். 1998-இல் வந்த ‘ஸ்டார்சீஜ் டிரைப்ஸ்’ என்ற விளையாட்டு இதையே தொடக்க அமைப்பாகக் கொண்டிருந்தது. ஹாஃப்-லைஃபை உருவாக்கிய வால்வ் கம்பெனியின் தலைவர் கேப் நியூவெல் தாமும் இந்த இ-எஸ்-டி-எஃப் கட்சியே என்று சொல்லியிருக்கிறார். தம் கடையில் விற்பதைத் தாம் உண்பதில்லை என்று ஒரு சமையற்காரர் சொன்னால் எப்படி இருக்கும்! எங்கள் இருவருக்குள்ளும் இதில் உடன்பாடு இல்லை. ஒருத்தி டபிள்யூ, ஒருத்தி இ. சுண்டுவிரலுக்கு இப்போது ஏ, கியூ, இசட் என்ற மூன்று விசைகள் கூடுதலாகக் கிடைக்கின்றன என்பது ஒருத்தியின் வாதம். ஷிஃப்ட் எட்டாமல் போகிறதே என்பது மற்றவளின் வாதம். கையின் நீளம்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இடக்கைப் பழக்கமுள்ளோரின் நிலை வேறு. உலகில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கையர். அவர்களுள் பலர் மவுஸை மட்டும் வலக்கையால் பிடிக்கப் பழகிவிடுகிறார்கள். இடக்கையால் மவுஸ் பிடிப்பவர்களுக்கோ, நடக்கும் வேலை வலக்கைக்கு வரவேண்டும். அவர்களுக்கு ஐ-ஜே-கே-எல் இருக்கிறது. ஆப்பிள் காலத்து அதே நான்கு. அல்லது அம்பு விசைகள். பக்கத்தில் வலப்பக்க ஷிஃப்ட், கன்ட்ரோல், என்டர் ஆகியவை துணைக்கு வருகின்றன. எண் பலகையை விரும்புவோரும் உண்டு. அங்கே விசைகள் நேர் கட்டங்களாக நிற்பதால் விரல் வழுவாது. ஆனால் நடக்கும் நான்கை மட்டும் மாற்றினால் போதாது. குதிப்பது, குனிவது, பெட்டியைத் திறப்பது என எல்லாவற்றையும் வலக்கைப் பக்கம் குடியேற்ற வேண்டும். இதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். அந்தக் கால் மணி நேரத்தைக் கொடுக்காமல் ‘உனக்கு விளையாட வராது’ என்று சொல்லிவிடுவது எளிது. எங்கள் வகுப்பிலும் அப்படிச் சொல்லப்பட்டவர்கள் இருந்தார்கள்.

விருப்பத்தால் மட்டும் விசைகளைத் தேர்ந்தெடுத்துவிடவும் முடியாது. விசைப்பலகையின் உள்ளே நடப்பதையும் அறிய வேண்டும். ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’ என்ற இலவசக் கார்ப் பந்தயத்தில் ஒரே விசைப்பலகையில் இருவர் ஆடலாம். ஒருத்திக்கு அம்பு விசைகள், மற்றவளுக்கு டபிள்யூ-ஏ-எஸ்-டி என்று பிரித்துக்கொள்வோம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று வளைய மறுக்கும். ‘நீ என் விசையை அமுக்கினாய்’, ‘இல்லை, நீதான்’ என்று சண்டை வரும். உண்மையில் இருவர் மேலும் குற்றமில்லை.

கணக்கு நோட்டின் கட்டங்களை எண்ணிக்கொள்ளுங்கள். விசைப்பலகையில் நூற்றுக்கு மேற்பட்ட விசைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுத்தால் செலவு மிகும். எனவே கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, அவை சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு விசையை வைக்கிறார்கள். குறுக்கே 8, நெடுக்கே 16 என்றால் 24 கம்பிகளிலேயே 128 விசைகளுக்கு இடம் கிடைத்துவிடும். ஒரு விசையை அழுத்தினால் ஒரு குறுக்குக் கம்பியும் ஒரு நெடுக்குக் கம்பியும் தொட்டுக்கொள்கின்றன. உள்ளேயுள்ள சிறு சில்லு ஒவ்வொரு கம்பியாக இடைவிடாது சோதித்து, எங்கே தொட்டிருக்கிறது என்று கண்டுகொள்கிறது.

இரண்டு விசைகள் வரை சிக்கல் இல்லை. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினால்தான் வம்பு. மின்சாரம் அந்த மூன்றின் வழியே சுற்றிக்கொண்டு போய், அழுத்தப்படாத நான்காம் மூலையும் அழுத்தப்பட்டது போலக் காட்டும். இல்லாத விசை எழுந்து வருவதால் இதைப் பேய் விசை என்கிறார்கள். இந்தப் பேய்க்கு அஞ்சி, சாதாரண விசைப்பலகைகள் ஐயத்துக்கு இடமான மூன்றாம் விசையையே ஏற்க மறுத்துவிடுகின்றன. உங்கள் வண்டி வளைய மறுத்ததன் காரணம் அதுவே. விலை கூடிய விசைப்பலகைகளில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு வைத்து, மின்சாரம் ஒரு திசையில் மட்டும் போகுமாறு செய்திருப்பார்கள். அது இல்லாதவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. எழுதும் பக்கம் ஒன்றைத் திறந்து, நீங்கள் பயன்படுத்த எண்ணும் மூன்று எழுத்து விசைகளை ஒரே நேரத்தில் அழுத்திப் பாருங்கள். மூன்று எழுத்தும் விழுந்தால் அந்தக் கூட்டணி நல்லது. இரண்டே விழுந்தால் ஒரு விசையை மாற்றுங்கள். ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவற்றைப் பிற விசைகளோடு சேர்த்து அழுத்துவதற்கென்றே அமைத்திருப்பதால் அவற்றில் இத்தொல்லை பெரும்பாலும் வராது.

இன்னொரு சிக்கல் எழுத்துக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு. ஒரு விசையை அழுத்தும்போது கணிப்பொறிக்கு முதலில் போவது எழுத்து அன்று. ‘இந்த இடத்து விசை’ என்ற ஓர் எண். அதை எழுத்தாக மாற்றுவது பிறகு நடக்கும் வேலை. விளையாட்டை எழுதுபவர் இவ்விரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். எழுத்தைக் கேட்டால் பிரெஞ்சுக்காரர் பாடு சிரமம். அவர்கள் விசைப்பலகையில் ஏயும் கியூவும் இடம் மாறியிருக்கும். டபிள்யூவும் இசட்டும் இடம் மாறியிருக்கும். டபிள்யூ கீழ் வரிசையில், ஏ மேல் வரிசையில், மற்ற இரண்டும் நடுவில். விரல்கள் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ஆதலால் பிரான்சில் இசட், கியூ, எஸ், டி என்றே ஆடுகிறார்கள். எழுத்துகள் வேறு, விரல் விழும் இடங்கள் அவையே. விளையாட்டு இடத்தைக் கேட்குமாறு எழுதப்பட்டிருந்தால் இதற்கென்று ஒன்றும் செய்யத் தேவையில்லை.

இதே தொல்லை நமக்கும் உண்டு. தமிழ்ப் பாடத்துக்கு ஏதேனும் தட்டச்சு செய்துவிட்டு, தமிழ் விசைப்பலகையை நிறுத்தாமல் விளையாட்டைத் திறந்தால் சில விளையாட்டுகள் அசையாமல் நிற்கும். அது டபிள்யூ என்ற எழுத்துக்குக் காத்திருக்கிறது. நாம் தமிழ் எழுத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். எந்த எழுத்தை என்று பார்த்தோம், வேடிக்கையாக இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ் 99’ அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். நடு வரிசையில் அ, இ, உ என்ற குறில்கள். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் அதனதன் நெடிலான ஆ, ஈ, ஊ. ஆகவே விளையாட்டின் நான்கு விசைகளும் நமக்கு உயிரெழுத்துகளே. இடப்புறம் செல்ல அ, வலப்புறம் செல்ல உ, பின்வாங்க இ, முன்னேற ஈ. குறிலில் பின்னேயும் அதன் நெடிலில் முன்னேயும் போகிறோம்! அம்மாநாட்டில் இதை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறோம். எங்களோடு படிக்கும் ஒருத்திக்குப் பிறவியிலேயே வலக்கை விரல்கள் முழுமையாக வளரவில்லை. அவள் அனுமதி பெற்றே இதை எழுதுகிறோம். இடக்கையால் எழுதுவாள், வரைவாள், பூப்பின்னல் போடுவாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்கள் ஆடுவது ‘மைன்கிராஃப்ட்’. கட்டைகளை அடுக்கி வீடும் கோயிலும் ஊரும் கட்டும் விளையாட்டு. நடக்க அந்த நான்கு எழுத்து. ஒரு கட்டையை உடைக்க மவுஸின் இடப் பொத்தான், வைக்க வலப் பொத்தான். மவுஸை உள்ளங்கையால் நகர்த்த அவளால் முடியும். பொத்தானை அழுத்தத்தான் விரல் இல்லை.

விளையாட்டின் அமைப்புப் பகுதியில் விசைகளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. உடைப்பது, வைப்பது ஆகியவற்றையும் மவுஸிலிருந்து எடுத்து எந்த விசைக்கும் கொடுக்கலாம் என்பதை அவளே அங்கே கண்டாள். உடைக்கும் விசையை நெடுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆகவே அதைப் பெருவிரலுக்குக் கீழே, இடைவெளி விசையில் வைத்தாள். கட்டை வைப்பது ஆர். குதிப்பதற்கு இடைவெளி விசை போய்விட்டதே என்றால், ஒரு கட்டை உயரத்தைத் தானாகவே தாவி ஏறும் வசதி அதே பகுதியில் இருக்கிறது, அதை இயக்கிவிட்டாள். மற்றபடி குதிக்க வி. மெல்ல நடக்க ஷிஃப்டைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். அதையும் ஒருமுறை அழுத்தினால் தொடங்கவும் மறுமுறை அழுத்தினால் நிற்கவுமாக மாற்றினாள். ஒரே விசை இரண்டு வேலைகளுக்குக் கொடுக்கப்பட்டால் அப்பக்கம் சிவப்பு நிறத்தில் காட்டிவிடுகிறது; எனவே தவறு நேரவில்லை. மொத்தம் அரை மணி நேரம். இரண்டு வாரத்தில் கையும் பழகிவிட்டது. இப்போது ஊரின் தெருக்களை அவள்தான் திட்டமிடுகிறாள். எங்களை அடிக்கடி அதட்டவும் செய்கிறாள்.

ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் விண்டோஸ் திரையில் ஓர் அறிவிப்பு எழுந்து ஆட்டத்தைக் கெடுப்பதைப் பலரும் திட்டியிருப்பீர்கள். இரு விசைகளை ஒன்றாகப் பிடிக்க முடியாதவர்கள், ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தியே அதே வேலையைச் செய்துகொள்வதற்கான வசதி அது. திட்டுமுன் அதையும் நினைத்துக்கொள்ளலாம். விளையாட்டு தயாரிப்போருக்கென்று எழுதப்பட்டுள்ள அணுகல் நெறிமுறைகளில், விசைகளை மாற்றிக்கொள்ள இடம் தருவது உயர்ந்த படியில் அன்று, அடிப்படைப் படியிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் அந்தப் பக்கமே இல்லாத விளையாட்டுகள் இன்றும் வருகின்றன. பிள்ளைகளுக்கு விளையாட்டு வாங்கித் தரும் பெற்றோர், படம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு அந்தப் பக்கம் இருக்கிறதா என்றும் பார்த்தால் நல்லது.

எல்லோரும் ஆளுக்கொரு விதமாய் மாற்றிவைத்தால் பொதுக் கணிப்பொறி என்னாவது என்று அருட்சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. எந்த இயந்திரத்தில் அமர்ந்தாலும் அதே நான்கு விசைகள் என்பதால்தான் புதிதாக வருபவள் உடனே ஆட முடிகிறது. பொது வழக்கத்துக்கு அந்தப் பெருமை உண்டு. ஆகவே எங்கள் அறையில் ஒரு முறை ஏற்பட்டிருக்கிறது. தனக்கென்று விசைகளை மாற்றிக்கொள்பவள் அவற்றை ஓர் அட்டையில் எழுதித் தன் நோட்டில் வைத்துக்கொள்வாள். எழுந்து போகுமுன், விசைப் பக்கத்தின் அடியில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் பொத்தானை அழுத்திவிட்டுப் போவாள். இதுவரை எட்டு அட்டைகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.